எழுவாய் எங்கே?

கல்லூரியில் யாம் மேல்வகுப்பிற் பயின்ற காலத்தில் எமது கட்டுரையொன்றைத் தமிழாசிரியர் திருப்பித் தந்தார். முதற்பக்கம் முழுவதும் ஒரே வாக்கியம். அதனை யாம் பெருமையென்றே எண்ணியிருந்தோம். ஆசிரியர் சிவப்பு மையினால் ஓரத்தில் எழுதியிருந்தவை "எழுவாய் எங்கே?" என்னும் இரண்டே சொற்கள். சந்தி பிரித்தும் குறியீடுகள் இட்டும் சிறுவர்க்கும் விளங்க உரைநடை எழுதிய நாவலர் பெருமான் பிறந்த நாட்டில் இது தகுமோ என்று வகுப்பிற் கேட்கவுஞ் செய்தார். யாவரும் நகைத்தனர். யாமும் நகைத்தோம்; திருந்தினோமில்லை.

பின்னர்க் கொழும்பில் ஒரு நிறுவனத்திற் கணினிச் செய்நிரல் எழுதும் தொழிலில் அமர்ந்தோம். செய்நிரலில் ஒரு வேலைக்கெனப் பெயரிட்டு வகுத்த பகுதியை மெதட் என்பர். தொழிலாளரின் மாதச் சம்பளத்தைக் கணிக்கும் மெதட் எமது கைவண்ணம். முதலில் அது 80 வரி. ஆண்டுதோறும் ஒரு படி, ஒரு கழிவு, ஒரு விதிவிலக்கு என வந்து சேர, 600 வரிகளைக் கடந்தது. எம்மையன்றி வேறெவரும் அதனைத் தொட அஞ்சினர். அவ்வச்சத்தை எமது புலமைக்குச் சான்றாகக் கொண்டோம்.

ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 கழிக்கப்படும். தொழில்கொள்வோர் 12 செலுத்துவர். மேலதிக நேரக் கொடுப்பனவு அக்கணக்கிற் சேராது. புதிதாய் வந்த இளைஞர் ஒருவர், கொடுப்பனவுகள் யாவும் ஓரிடத்தில் இருத்தலே முறையென்றெண்ணிச் சில வரிகளை மேலே நகர்த்தினார். அம்மாதம் மேலதிக நேரப் பணத்திலும் நூற்றுக்கு 8 கழிந்துவிட்டது. இரவெல்லாம் விழித்திருந்தோர் ஈட்டிய பணம் அது. மறுமாதம் திருப்பிக் கொடுத்தனர். எனினும் விசாரணைக் கூட்டத்தில் இளைஞர் தலைகுனிந்து நின்றார். வரியை நகர்த்தியவர் அவர்தாமே என்று எமக்கு யாமே சொல்லிக்கொண்டு வாளாவிருந்தோம்.

அதன் பின்னரே அம்மெதட்டைப் பகுக்கத் துணிந்தோம். வெளிப்பயன் மாறாமல் உள்ளமைப்பை மட்டும் திருத்தும் இவ்வேலையை ரீஃபாக்டரிங் என்பர். மார்ட்டின் பௌலர் 1999 இல் வெளியிட்ட நூல் அதன் வழிகளைப் பெயரிட்டு விளக்கியது. பிழையற்ற 12 மாதக் கணக்குகளை எடுத்து, திருத்திய செய்நிரலின் விடை அவற்றோடு சதம் பிசகாமல் ஒத்துள்ளதா என்று பார்க்கும் சோதனையை முதலில் அமைத்தோம். பின்பு ஒரு சிறு பகுதியை வெளியே எடுத்துப் பெயரிட்டுச் சோதித்தோம். ஒத்திருந்தாலன்றி அடுத்ததைத் தொட்டோமில்லை.

எடுத்தல் எளிது, பெயரிடுதலே கடினம். ஒரு பகுதிக்குச் 'சேமலாப நிதிக்குரிய சம்பளம்' என்று பெயரிட முயன்றபோது கை நின்றுவிட்டது. 'தொகை' எனப் பொருள்படும் ஒரே மாறி, மெதட்டின் தொடக்கத்தில் நிதிக்குரிய சம்பளத்தைக் குறித்தது. 200 வரி தாண்டியதும், மேலதிக நேரப் பணமுங் கூடிய மொத்தச் சம்பளத்தைக் குறித்தது. இரு பொருளுக்கு ஒரு பெயரிட்டவர் யாமே. அவ்விளைஞர் அதனை எங்ஙனம் அறிவார்? தமிழாசிரியரின் சிவப்பு மை எம் கண்முன் வந்தது.

அம்மாறியை இரண்டாக்கினோம். பின்னர் உற்சாகம் மிகுந்து, இரண்டு வரிக்கொரு மெதட் என்று நறுக்கத் தொடங்கினோம். ஒன்றைப் படிக்க முப்பது இடங்களுக்கு ஓட வேண்டியதாயிற்று. அது வேறொரு பித்து. அவற்றுட் பாதியை மீண்டும் ஒன்றுசேர்த்தோம். முடிவில் தலைமையான மெதட் 20 வரிகளுடன், நூலின் பொருளடக்கம் போல நின்றது.

அன்று மாலை இளைஞரின் மேசைக்குச் சென்று, பிழை எம்முடையதென்று கூறினோம். அவர் திரையை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "அதைக் கூட்டத்திலை சொல்லியிருக்கலாமே, அண்ணை" என்றார்.

அடுத்த கூட்டத்திற் சொன்னோம்.