அம்பத்தூர் ஓ.டி.

அம்பத்தூரில் ஓ.டி. என்றால் பஸ் ஸ்டாப். ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லும் இன்னொரு ஓ.டி.க்கும் போகிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. என் சொந்த முட்டாள்தனத்தால்.

பூந்தமல்லியில் ஒரு கல்யாணம். மட்டன் பிரியாணி. ராத்திரி வலது விலாவுக்குக் கீழே இறுக்கிப் பிடித்தது. ‘கேஸ்தான்’ என்று சோடா குடித்தேன். மூன்று மணி நேரத்தில் தானாகவே விட்டது. மறுநாள் ஸ்கேனில் பித்தப்பையில் கல். “வலி ஒரு தடவை வந்தாச்சு. திரும்ப வரும், எடுத்துடுங்க” என்றார் டாக்டர்.

ஆவடியிலிருந்து மச்சான் வந்தான். “ஆபரேஷனா? ஒரு மண்டலம் வாழைத்தண்டு ஜூஸ் குடிங்க மாமா, கரைஞ்சு ஓடிடும்.”

குடித்தேன். சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் வைத்தியம் அது. பித்தப்பையில் இருப்பது கொழுப்பும் நிறமியும் உறைந்த வேறு ஜாதிக் கல் என்பதோ, ஜூஸ் அந்தப் பக்கமே போகாது என்பதோ எங்கள் இருவருக்கும் தெரியாது.

மண்டலம் முடியவில்லை. மறுபடி வலி. இந்த முறை வலது தோள்பட்டை வரை ஏறியது. காய்ச்சல், வாந்தி. ஆறு மணி நேரமாகியும் விடவில்லை. “ஏங்க, நெஞ்சுவலியா இருக்கப்போவுது” என்று மனைவி ஆட்டோ பிடித்தாள்.

முதலில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயம் சரி. என் மகள் வயசில் ஒரு டியூட்டி டாக்டர், விலாவுக்குக் கீழே விரலால் அழுத்தி, “மூச்சை நல்லா இழுங்க சார்” என்றார். பாதி மூச்சு சுரீரென்று நின்றுவிட்டது. “மர்ஃபி பாசிட்டிவ்” என்றார் நர்ஸிடம். எனக்குத் தெரிந்த மர்ஃபி ரேடியோ மட்டும்தான். இவர் சிகாகோ சர்ஜன், 1916ல் காலமானவர். மூச்சு இழுக்கும்போது வீங்கிய பித்தப்பை இறங்கி, அழுத்தும் விரலில் இடிக்கிறது. அதனால் மூச்சு நிற்கிறது. ஸ்கேனும் அதையே சொன்னது. பையின் கழுத்தில் கல் சிக்கி, சுவர் தடித்திருந்தது.

பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. சலைன், ஆன்டிபயாடிக், வலிக்கு ஊசி.

“வீக்கம் வத்தட்டும், ஆறு வாரம் கழிச்சு வர்றேனே டாக்டர்?”

“அது பழைய பழக்கம் சார். உடம்பு மயக்க மருந்தைத் தாங்கும்னா மூணு நாளுக்குள்ள எடுக்கறதுதான் நல்லது. காத்திருந்தா பை அழுகலாம். கல் குழாய்க்கு நழுவினா மஞ்சக்காமாலை, கணையத்துல வீக்கம்னு வேற வம்பெல்லாம் வரும்.”

1882ல் பெர்லினில் லாங்கன்பூக் முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்தபோது வயிற்றைக் கிழிக்க வேண்டியிருந்தது. 1985ல் எரிக் மூஹே என்ற ஜெர்மானியர் சின்னத் துளை வழியாக எடுத்துக் காட்டினார். சக சர்ஜன்கள் கேலி செய்தார்கள். 1992ல் அதே சங்கம் கூப்பிட்டு விருது கொடுத்தது. அதற்குள், 1990லேயே, மும்பையில் டாக்டர் உத்வாடியா அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டார். எனக்கு நாலு துளை.

எடுத்த பையைக் காட்டினார்கள். ஒரு ஓரம் கறுத்திருந்தது. “இன்னும் ஒரு நாள் வீட்ல இருந்திருந்தா ஓட்டை விழுந்திருக்கும்” என்றார் சர்ஜன். மனைவி சேரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பித்தப்பை போனாலும் பித்தநீர் நிற்காது. அதைச் சுரப்பது கல்லீரல். பை வெறும் ஐம்பது மில்லி கோடவுன். இப்போது எல்லாம் சாப்பிடுகிறேன், அளவோடு.

விலாவுக்குக் கீழே வலி சில மணி நேரம் தாண்டி, கூடவே காய்ச்சலும் வந்தால், தயவுசெய்து சோடா தேடாதீர்கள். ஆட்டோ பிடியுங்கள். ஆனால் ‘ஓ.டி.’ என்று சொல்லாதீர்கள், பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிடுவார்கள். ‘ஆஸ்பத்திரி’ என்று சொல்லுங்கள்.