சன்னியா, சனியா?

என்னை றோட்டில் காண்கிற பெடியள் "எப்பிடி இருக்கிறாய்?" என்று கேட்டு மூன்று வருசம் ஆகிறது. இப்போது எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "என்னடா, கார் ஓடுதோ?" ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாகக் கதை சொல்லிக் களைத்துப் போனேன். அதனால் இன்றைக்கு முழுக்கதையையும் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் ஒரு டட்சன் சன்னி, பி310. ஜப்பானில் 1977 இல் வெளிவந்த மாதிரி. பின்சில்லு இழுவையோடு வந்த கடைசிச் சன்னிக் கார் இதுதான். 1981 இல் வந்த அடுத்த மாதிரியான பி11 முன்சில்லு இழுவைக்கு மாறிவிட்டது. எங்களுடையதில் ஏ12 என்ஜின், 1171 சிசி, நாலு சிலிண்டர். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்த பிறகு ஜப்பான் கார்கள் இலங்கைக்கு நிறைய வந்திறங்கின. அதில் ஒன்றைத்தான் 1981 இல் அப்பப்பா வாங்கினார். அதுவரைக்கும் எங்கள் ஊரில் கார் என்றால் ஒஸ்ரின், இல்லாவிட்டால் மொறிஸ் மைனர். ஜப்பான் காரைப் பார்த்து "தகரப் பேணி" என்று சிரித்தார்களாம்.

அப்பாச்சிக்குத் தொடக்கத்திலிருந்தே இந்தக் காரைப் பிடிக்காது. கடைக்கு முதல் போட வைத்திருந்த காசு காருக்குப் போய்விட்டது என்ற கோபம். "அது சன்னி இல்லை, சனி" என்பார். இதில் வேடிக்கை என்னவென்றால் கார் செய்தவர்களுக்கே பெயரில் ஒரு பயம் இருந்திருக்கிறது. டென், அஓயாமா, டக்கேயுச்சி என்ற மூன்று பேரின் முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் 'டட்' என்று பெயர் வைத்தார்கள். 1930 களின் தொடக்கத்தில் அதே கம்பனி ஒரு சின்னக் கார் செய்தபோது, டட்டின் மகன் என்ற கருத்தில் 'டட்சொன்' என்று வைத்தார்கள். ஆனால் ஜப்பானிய மொழியில் 'சொன்' என்றால் நட்டம்! உடனே ஓரெழுத்தை மாற்றிச் சூரியன் என்று பொருள்படும் 'சன்' ஆக்கிவிட்டார்கள். வணிகம் படிக்கிறவன் நான். இதை வாசித்த அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அப்பப்பா 2011 இல் காலமானார். அதோடு கார் கொட்டிலுக்குள் போனது. நான் வளர்ந்த காலமெல்லாம் அது கார் இல்லை, கோழி முட்டையிடுகிற இடம். பிறகு 2022 வந்தது. பெற்றோல் வரிசை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கியூஆர் முறை வந்து கிழமைக்குக் காருக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்து தந்த காலம். 2020 இலிருந்து வாகன இறக்குமதியும் நின்றுபோயிருந்ததால் பழைய வாகனத்துக்கெல்லாம் திடீரென்று விலை ஏறியது. ஒருநாள் ஒரு ஆள் வந்து கொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, இருந்த நிலையிலேயே நாலரை இலட்சம் தாறன் என்றார். அப்பா ஓம் என்று சொல்லிவிட்டார்.

நான் அன்றிரவு ஒரு ஏ4 தாளில் கணக்குப் போட்டு அப்பாவிடம் நீட்டினேன். திருத்தச் செலவு மூன்றரை இலட்சம், திருத்தின பிறகு சந்தை விலை பன்னிரண்டு இலட்சம், இலாபம் இவ்வளவு என்று கீழே இரண்டு கோடு போட்டு. உண்மையைச் சொன்னால் எனக்கு விற்கிற எண்ணமே இல்லை. காரைத் தாழ்த்தி, அகலச் சில்லுப் போட்டு, இரட்டைக் காபரேற்றர் பூட்டி, கம்பஸ் வாசலில் ஒருக்கால் சத்தத்தோடு போய் இறங்க வேண்டும். அவ்வளவுதான். அப்பா தாளைப் பார்த்துவிட்டு, "உன்ரை காசிலை செய்யிறதெண்டால் செய். என்னட்டைக் கேக்காதை" என்றார். வந்த ஆளைத் திருப்பி அனுப்பினோம். அன்றிலிருந்து உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணக்கீடு ரியூசன் கொடுக்கத் தொடங்கினேன்.

பத்து வருசத்துக்கு மேல் நின்ற என்ஜினைச் சும்மா சாவி போட்டு முறுக்கக் கூடாது. பிஸ்ரன் றிங் சிலிண்டர் சுவரோடு கறள் பிடித்து ஒட்டியிருக்கும். பிளக் நாலையும் கழற்றி, ஓட்டைக்குள் ஓயில் விட்டு, நாலைந்து நாள் ஊற விட்டு, பிறகு சாவியால் கையாலேயே மெல்லச் சுற்ற வேண்டும். ஆறாம் நாள் அரைச்சுற்று அசைந்தது. அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் கோழிகள் இடம் மாறின.

கராஜ் அண்ணை எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்: "ஓட வைக்கிறதுக்கு முதல் நிக்க வை தம்பி." அதாவது முதலில் பிறேக். எல்லாச் சில்லிலும் பிறேக் சிலிண்டர் இறுகிப்போயிருந்தது, றப்பர் எல்லாம் தூள். இரண்டாவது பாடம் காந்தம். கார் உடம்பில் சின்னக் காந்தத்தை வைத்துக்கொண்டு போனால் தகரம் உள்ள இடத்தில் பிடிக்கும், புட்டி அப்பிய இடத்தில் நழுவி விழும். எங்கள் காரில் காந்தம் விழுந்த இடங்களை எண்ணாமல் விட்டது நல்லது. கடற்காத்து ஊரில் கறள் உள்ளிருந்துதான் வரும். காலடித் தகரம், கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டி, முன் கண்ணாடியின் அடி. அதன் மேல் புட்டி பூசினால் ஈரம் உள்ளேயே நின்று இன்னும் தின்னும். வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் அடிப்பதைத் தவிர வழியில்லை. என்னுடைய ஏ4 தாளில் இதற்கு ஒதுக்கியது நாற்பதாயிரம். முடிந்தபோது ஒன்றே முக்கால் இலட்சம்.

என்ஜினைத் திறந்தபோது சிலிண்டர் நன்றாகத் தேய்ந்திருந்தது. போர் பண்ணி அரை மில்லிமீற்றர் பெரிய பிஸ்ரன் போட வேண்டும். சாமானுக்காக இரவு பஸ் ஏறிக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். தெரு முழுக்க வாகனச் சாமான். எனக்குச் சிங்களம் அரைகுறை, கடைக்காரருக்குத் தமிழ் அரைகுறை. ஆனால் 'ஏ12' என்ற சொல் இரண்டு பேருக்கும் முழுசாகத் தெரிந்திருந்தது. கடைசியில் அவர் பிளேன்ரீ வாங்கித் தந்து பிஸ்ரன் செற்றையும் விலை குறைத்துத் தந்தார். 73 மில்லிமீற்றர் சிலிண்டர் 73.5 ஆனதால் என்ஜின் 1188 சிசி ஆகிவிட்டது. 17 சிசி இலாபம். இந்தக் கணக்கில் நான் கண்ட ஒரே இலாபம் அதுதான்.

இனித்தான் சொல்ல வந்த விசயம்.

பொனற்றுக்கு உள்ளே, பின்பக்கச் சுவரில் இரண்டு துளை போட்டு ஒரு தகரப்பட்டி பூட்டியிருந்தது. அதற்குக் கீழே விரல் நீளத்தில் ஒரு பித்தளைத் திறப்பு. பெற்றோல் குழாயில் இடையில் ஒட்டவைத்த மாதிரி. டட்சனின் எந்தப் படத்திலும் இது இல்லை. யாரோ செய்த அரைகுறை வேலை என்று கழற்றிப் பழைய இரும்புக்காரருக்குப் போடுகிற வாளிக்குள் எறிந்தேன். துளைகளை அடைக்கச் சொல்லி ரிங்கரிங் அண்ணையிடமும் சொல்லிவிட்டேன்.

அதுவரைக்கும் கார்ப் பக்கமே வராத அப்பா அன்றைக்குக் கொட்டிலுக்குள் வந்தார். பொனற்றுக்குள் பார்த்தார். "அந்தச் சின்னத் திறப்பு எங்கை?" என்று கேட்டார். எறிந்ததைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் வாளியைக் கவிழ்த்துக் கொட்டி, குந்தியிருந்து தேடி எடுத்துச் சாரத்தில் துடைத்தார். பிறகுதான் சொன்னார்.

1990 இல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. வாகனங்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, ஆகவே அதில் ஸ்ராட் வராது. முதலில் கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, என்ஜின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னம் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றினால்தான் அடுத்தமுறை எழும்பும். அந்தத் தகரப்பட்டி ஒரு சின்னப் பெற்றோல் போத்தலுக்கு. அந்தத் திறப்பு இரண்டுக்கும் இடையில் மாற்றுவதற்கு. பூட்டியது அப்பப்பா. சரியாக எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஓயிலோடு கலந்து ஓயிலைத் தண்ணியாக்கும். சிலிண்டர் ஏன் அப்படித் தேய்ந்திருந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது இந்தக் காரும் வெளிக்கிட்டது. உள்ளே அப்பப்பாவின் அம்மா, அப்பாச்சி, பக்கத்து வீட்டுக் கிழவிகள் இரண்டு பேர். அப்பப்பா ஓட்டினார். அப்பாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. பக்கத்தில் நடந்தார். செம்மணியால் நாவற்குழிப் பாலத்துக்குப் போகிற றோட்டில் ஆள்மேல் ஆள். மழை. கார் அடியடியாக நகர்ந்தது. போத்தலில் பெற்றோல் முடிந்துவிட்டது. ஆகவே என்ஜினை நிறுத்த முடியாது, நிறுத்தினால் எழும்பாது. ஊர்ந்து ஊர்ந்து றேடியேற்றர் கொதித்தது. அப்பா றோட்டோரத்து வெள்ளத்தில் வாளியால் அள்ளி அள்ளி ஊத்திக்கொண்டே நடந்திருக்கிறார். நடுவில் ஒரு தாய் வந்து, ஒன்றும் கேட்காமல் தன்னுடைய பிள்ளையைக் கண்ணாடிக்குள்ளால் அப்பாச்சியின் மடியில் வைத்துவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்தபடி விடியும்வரைக்கும் காரோடு நடந்தாராம். பாலம் தாண்டிய பிறகு பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

"விடியும்வரைக்கும் நிக்கேல்லை" என்றார் அப்பா. என்ஜினைத்தான் சொன்னார்.

அப்பா அப்பப்பாவைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல்தரம். காரை ஏன் அவசரமாக விற்கப் பார்த்தார் என்றும் அன்றைக்குத்தான் யோசித்தேன். கேட்கவில்லை.

பழைய கார் வைத்திருக்கிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு, தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரியே ஒவ்வொரு ஆணியும் இருக்க வேண்டும். மற்றக் கட்சிக்கு, கையில் உள்ளது நம்முடைய விருப்பம், வெட்டு, மாற்று. நான் இரண்டாவது கட்சி என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்கினேன். ஆனால் இந்தக் காரில் முதல் மாற்றம் செய்தவர் அப்பப்பா. அவர் அழகுக்குச் செய்யவில்லை, சத்தத்துக்குச் செய்யவில்லை. தொழிற்சாலை மாதிரியே ஆக்குகிறேன் என்று அதைக் கழற்றினால் எதைத் திருத்தியதாக ஆகும்? கணக்கீட்டில் வரலாற்றுக் கிரயம் என்று படிக்கிறோம். வாங்கிய அன்றைக்குக் கொடுத்த விலை, அவ்வளவுதான். பிறகு நடந்ததற்கு அந்த வரியில் இடமில்லை.

அதனால் கடைசியில் செய்தது இதுதான். பித்தளைத் திறப்பும் தகரப்பட்டியும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. பெற்றோல் ஒழுகினால் ஆபத்து என்பதால் குழாய் மட்டும் அதற்குள்ளால் போகவில்லை. ஸ்பிறிங் வெட்டவில்லை. வெட்டினால் குழியில் சில்லுத் தொங்கும்போது ஸ்பிறிங் இருக்கையை விட்டுக் கழரலாம் என்று கராஜ் அண்ணை காட்டித் தந்தார். இரட்டைக் காபரேற்றரும் இல்லை. மாற்றியது மூன்றுதான்: பொயின்ற் இருந்த இடத்தில் பிந்திய மாதிரியின் இலத்திரனியல் இக்னிசன், றேடியேற்றருக்கு மின்விசிறி, பின்சீற்றுக்கும் பெல்ற். மின்விசிறி போட்டதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஊர்ந்து போனாலும் இனிக் கொதிக்காது.

புகைப் பரிசோதனையில் முதல்தரம் பெயில். காபன் மொனொக்சைட்டு கூட. காபரேற்றரில் காற்றும் பெற்றோலும் கலக்கிற திருகாணியைச் சரிபார்த்து, எயார் பில்ற்றரை மாற்றிக்கொண்டு போக இரண்டாம்தரம் பாஸ். வரி அனுமதிப்பத்திரத்தைக் கண்ணாடியில் ஒட்டியபோது கை நடுங்கியது உண்மை.

மொத்தச் செலவு ஏழு இலட்சத்து எண்பதாயிரம். ஏ4 தாளில் எழுதியதைவிட இரண்டு மடங்குக்கும் மேலே. விற்கப் போவதில்லை என்பதால் வருமானம் பூச்சியம். என்னுடைய நேரத்துக்கு அமையச் செலவு போட்டால் விரிவுரையாளர் சிரிப்பார். போகட்டும், பெயரிலேயே இருந்தது.

போன தைப்பொங்கலுக்கு முதல்நாள் அப்பா ஓட்டினார். அப்பாச்சிக்கு இப்போது எண்பத்துநாலு வயது. பின்சீற்றில் ஏற்றினோம். புது மெத்தை, புதுப் பெயின்ற், எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். நல்லதாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கதவைச் சாத்தினார். பூட்டவில்லை. திரும்ப ஓங்கிச் சாத்தினார். பூட்டியது.

"இந்தச் சனியன்ரை கதவு இப்பவும் ரெண்டாந்தரந்தான் பூட்டுது" என்றார்.

அப்பா சிரித்தார். அந்தக் கதவை அரைமணித்தியாலத்தில் சரிபண்ணித் தாறன் என்று கராஜ் அண்ணை இரண்டுதரம் சொல்லிவிட்டார். வேண்டாம் அண்ணை, இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.