செல் எதன்மேல் நிற்கிறது

மார்பில் கட்டி இருக்கிறதா என்று மருத்துவர் விரலால் அழுத்திப் பார்க்கும்போது, சுற்றியுள்ள சதையைவிடக் கெட்டியான ஓரிடத்தைத்தான் தேடுகிறார். தமிழில் இறுகிப்போனதும் கட்டிதான், நோயும் கட்டிதான். கிரேக்க மருத்துவர்கள் இத்தகைய கட்டியை ‘ஸ்கிர்ரோஸ்’ என்றார்கள். அதற்கும் கெட்டியானது என்றே பொருள். விரல் நுனிக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தெரிந்த சங்கதி இது. ஆனால் நோய் வந்ததால் இடம் இறுகுகிறது என்றே நெடுங்காலம் எடுத்துக்கொண்டார்கள். இறுக்கமே செல்லை நோயின் பக்கம் தள்ளலாம் என்ற எண்ணம் எங்கே பிறந்தது என்று ஆய்வுக் கட்டுரைகளை ஆண்டுவாரியாகப் பின்னோக்கிப் படித்தேன். அது இவ்வளவு தாமதமாக வந்ததற்கு ஆய்வகத் தட்டுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் முடிவு.

1887இல் பெர்லினில் ராபர்ட் கோக்கின் உதவியாளர் பெட்ரி மூடிபோட்ட கண்ணாடித் தட்டை உருவாக்கியது பாக்டீரியாவுக்காக. விலங்குச் செல்லின் கதை வேறு. 1907இல் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்பை வளர்த்தது உறைந்த நிணநீரில். 1951இல் பால்டிமோரில் ஹீலா என்ற மனிதப் புற்றுச் செல்களை ஜார்ஜ் கை வளர்க்கத் தொடங்கியபோதும் கோழிப் பிளாஸ்மாவின் உறைவு துணையாக இருந்தது. தொடக்கத்தில் செல்லுக்குக் கிடைத்த தரை மெத்தென்றுதான் இருந்திருக்கிறது. பிறகு கண்ணாடியும் பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கும் அந்த இடத்தைப் பிடித்தன. நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும், செல் நன்றாக ஒட்டும், ஒவ்வொரு முறையும் ஒரேபோல இருக்கும். இவை நியாயமான காரணங்களே. ஆனால் பாலிஸ்டைரினின் விறைப்பு ஏறத்தாழ 300 கோடி பாஸ்கல். எலியின் மார்புத் திசுவில் அளந்தது சுமார் 170 பாஸ்கல். இடைவெளி ஒரு கோடி மடங்குக்கும் மேல். மார்புச் செல்லைத் தட்டில் வைத்துப் பார்த்தவர்கள், அது பாறைமேல் நடந்துகொள்வதைப் பார்த்துவிட்டு அதன் இயல்பு இதுதான் என்று எழுதினார்கள்.

திருப்பம் ஒரு சுருக்கத்தில் தொடங்குகிறது. 1980இல் ஆல்பர்ட் ஹாரிஸும் இரு சகாக்களும் சிலிக்கோன் எண்ணெயின் மேற்பரப்பைத் தீச்சுடரில் நொடிப்பொழுது காட்டினார்கள். எண்ணெய்மேல் பாலாடைபோல மெல்லிய ரப்பர் தோல் படர்ந்தது. அதன்மேல் விட்ட செல்கள் ஊர்ந்தபோது அவற்றின் அடியில் தோல் மடிந்து சுருங்கியது. செல் தரையைப் பிடித்து இழுக்கிறது என்பது கண்ணுக்கே தெரிந்தது. இழுத்துப் பார்க்கிற ஒன்றுக்குத் தரை எவ்வளவு இளகுகிறது என்பதும் தெரிந்தாக வேண்டுமே! அந்தக் கேள்வியை 1997இல் ராபர்ட் பெல்ஹாமும் யூ-லி வாங்கும் நேராகச் சோதித்தார்கள். பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் இழைகளைக் கோக்கும் பொருளை மட்டும் கூட்டிக் குறைத்தார்கள். மேலே பூசிய கொலாஜன் புரதம் மாறவில்லை. இளகிய ஜெல்லில் செல்கள் பரவுவது குறைந்தது, ஒட்டுமிடங்கள் நிலையற்றுப்போயின, நகர்வு கூடியது. நான் தேடியதற்கு ஒரு பிறந்த தேதி சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். வேதியியல் அப்படியே இருக்க விறைப்பு மட்டும் மாறியது. வேறு எதன்மேலும் பழிபோட இடமில்லாத சோதனை.

புற்றுநோய்க்கு இதைக் கொண்டுவந்தது வேலரி வீவரின் குழு. 2005இல் அவர்கள் காட்டியது: மிருதுவான ஜெல்லில் இயல்பான மார்புச் செல்கள் நடுவே வெற்றிடம் விட்டு உருண்டையாக அமைகின்றன, கட்டியளவு விறைப்பில், அதாவது சில ஆயிரம் பாஸ்கலில், அந்த வெற்றிடம் மறைந்து ஒழுங்கு குலைகிறது. 2009இல் அதே குழு எலிகளில் கொலாஜனைப் பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் நொதியைத் தடுத்தது. திசுவின் இறுக்கம் குறைந்தது, கட்டிகளும் குறைந்தன. காரணம் எது, விளைவு எது என்ற வழக்கில் எனக்கு மிகக் கனமாகப்படும் சாட்சி இதுதான்.

எதிர்வாதங்கள் உண்டு. மேலே பூசிய கொலாஜன் ஜெல்லோடு எத்தனை இடங்களில் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான் செல் உணர்கிறது, விறைப்பை அல்ல என்று 2012இல் ஓர் ஆய்வு சொன்னது. இரண்டு ஆண்டுகளில் இன்னொரு குழு ஜெல்லின் துளையளவையும் கட்டுமிடங்களையும் தனித்தனியே மாற்றிப் பார்த்தது. செல் விறைப்பையே பின்பற்றியது. புற்றுச் செல் இயல்பான செல்லைவிட மிருதுவானதாயிற்றே என்பது இன்னொரு கேள்வி. கட்டியின் இறுக்கம் பெரும்பாலும் சுற்றியுள்ள கொலாஜனுடையது என்பதால் அதில் முரண் இல்லை. மூன்றாவது வாதம் கடினமானது. லைசில் ஆக்சிடேஸ் குடும்பத்தின் இன்னொரு நொதியைத் தடுக்கும் சிம்டுசுமாப் மருந்து கணையப் புற்றுநோயாளிகளுக்குப் பலன் தரவில்லை. எலிகளில் கணையக் கட்டியைச் சூழ்ந்த இழைமச் செல்களை அகற்றியபோது நோய் இன்னும் மூர்க்கமானது. இதை நான் ஒதுக்கவில்லை. சூழ்ந்த திசு இறுகச் செய்வதோடு கட்டியை அடக்கியும் வைக்கிறது. வளர்ந்துவிட்ட நோயில் தரையை இளக்குவதும் தொடக்கத்தில் இறுகவிடாமல் தடுப்பதும் ஒன்றல்ல. எலிச் சோதனை ஆதரிப்பது பின்னதை.

தட்டின் விஷயத்தில் இன்னொன்றும் உறுத்துகிறது. 2014இல் மனித ஸ்டெம் செல்களைப் பிளாஸ்டிக் தட்டில் வளர்த்து, பிறகு மிருதுவான ஜெல்லுக்கு மாற்றிப் பார்த்தார்கள். ஒரு நாள் மட்டும் தட்டில் இருந்தவை புதிய தரைக்குப் பழகிக்கொண்டன. 10 நாள் இருந்தவை ஜெல்லிலும் விறைத்த தரையில் இருப்பதுபோலவே நடந்துகொண்டன. ஹீலா பல பத்தாண்டுகளாகத் தட்டில் வளர்கிறது.