மழையும் ஹெல்மெட் கண்ணாடியும்

வாசலில் சைக்கிள் சாய்ந்திருந்த வீடுகளில் இன்று மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அப்பாவுக்கு ஒன்று, தொழிற்சாலைக்குப் போகும் மகனுக்கு ஒன்று என்று இரண்டு மூன்று நிற்கும் வீடுகளும் உண்டு. கித்தா மரங்கள் குறைந்து செம்பனை வந்தது. லயங்கள் பல உடைபட்டு, மக்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆனால் பலருக்கு வேலை இன்னும் தோட்டத்தில்தான். பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியும் பல இடங்களில் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. வீட்டுக்கும் வேலைக்கும் பள்ளிக்கும் நடுவில் ஏழெட்டுக் கட்டைத் தூரம். அதைக் கடக்க நமக்கு வாய்த்தது இந்த இரண்டு சக்கரந்தான்.

மழையோ நம் நாட்டில் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கிழக்குக் கரையில் ஆண்டுக் கடைசியில் பருவமழை நாள் கணக்கில் கொட்டும். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் காலையெல்லாம் வெயில் காய்ந்துவிட்டுப் பிற்பகலில் இடியோடு இறங்கும். "நாம் வேலை விட்டு வருகிற நேரம் பார்த்துத்தான் இறங்குகிறது" என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து ஈரக்காற்று மேலெழுந்து, மேகமாகத் திரண்டு, மழையாக விழுவதற்குப் பிற்பகல் மூன்று நான்கு மணி ஆகிவிடுகிறது. நம் மக்கள் சாலையில் இருக்கும் நேரமும் அதுவே.

நான் தோட்டப் பள்ளி ஆசிரியன். பிற்பகல் வகுப்பு முடிந்து பிள்ளைகளை அனுப்பும்போது வாயிலருகே நிற்பது என் வழக்கம். மழை நாளில் வரும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் தலையில் ஹெல்மெட் இருக்கிறது. 1973ஆம் ஆண்டிலிருந்து சட்டம் கட்டாயப்படுத்தும் பொருள் அல்லவா அது! ஆனால் ஹெல்மெட்டின் கண்ணாடி மட்டும் உச்சந்தலைக்கு ஏறியிருக்கும். கண்ணை இடுக்கிக்கொண்டு, முகமெல்லாம் தண்ணீர் வழிய வந்து நிற்பார்கள். பின்னால் ஒரு பிள்ளை, முன்னால் ஒரு பிள்ளை.

இரண்டு பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஒரு தாயாரிடம், "கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டக்கூடாதா அம்மா?" என்று கேட்டேன். அவர் பட்டென்று சொன்ன பதில் இது: "இறக்கினா இருட்டு, ஏத்தினா ஊசி குத்துது. எதைத்தான் சார் செய்யறது?"

கேள்வி சரியான கேள்வி. கண்ணாடியை ஏற்றிவிடுகிறவரைக் கவனக்குறைவானவர் என்று திட்டிவிட்டுப் போவது எளிது. கண்ணாடி வழியே பார்க்க முடியாததால்தானே அவர் ஏற்றுகிறார்?

முதலில் அந்த ஊசி குத்துவதைப் பார்ப்போம். பெரிய மழைத்துளி ஒன்று ஏறக்குறைய மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் தரைக்கு வருகிறது. நாம் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், அது மேலிருந்து விழும் வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் நாமே நம் முகத்தைக் கொண்டுபோய் அதன்மேல் மோதுகிறோம். அப்போது மழை நமக்கு மேலிருந்து வருவதாக இராது, எதிரிலிருந்து வரும். திறந்த கண் அதைத் தாங்காது, தானாக மூடிக்கொள்ளும். அந்த வேகத்தில் இரண்டு விநாடி கண்ணை மூடினால் வண்டி 33 மீட்டர் ஓடிவிடும். எதிரே குலை ஏற்றிய செம்பனை லாரி வருகிற சாலையில் 33 மீட்டர் என்பது சிறிய தூரமல்ல. இந்த நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்தாம் என்பதை நாம் ஆண்டுதோறும் படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகிறோம்.

இனி அந்த அம்மா சொன்ன இருட்டுக்கு வருவோம். கண்ணாடியில் நாம் காணும் தண்ணீர் எல்லாம் ஒரே தண்ணீர் அல்ல. வெளிப்பக்கம் ஒட்டும் துளி வேறு. மேல் விளிம்பில் புகுந்து உள்பக்கமாக வழியும் நீர் வேறு. உள்ளே பனிபோல் படிவது வேறு. மூன்றுக்கும் வைத்தியமும் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் ஒரே துணியால் மூன்றையும் துடைத்துக்கொண்டிருப்பதால்தான் கடைசியில் சலித்துப்போய்க் கண்ணாடியை ஏற்றிவிடுகிறோம்.

இவற்றில் மிகுந்த தொல்லை தருவது மேலிருந்து உள்ளே வழியும் நீர். கையால் துடைக்கவும் முடியாது. நம்மவர்கள் அதிகம் அணிவது முகம் திறந்த ஹெல்மெட். அதில் கண்ணாடியை நெற்றிக்கு மேலே மூன்று பொத்தான்களில் மாட்டியிருப்பார்கள். பொத்தான் இருக்கும் இடத்தில் கண்ணாடி அழுந்தி நிற்கும். பொத்தானுக்கும் பொத்தானுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். ஹெல்மெட்டின் உச்சியில் விழும் மழை வழுக்கிக்கொண்டு வந்து அந்த இடைவெளியில் இறங்கி, கண்ணாடியின் உள்பக்கமாக நம் கண்ணுக்கு நேரே வழியும். பக்கத்தில் திருகு வைத்துத் தூக்கி இறக்கும் கண்ணாடியானால் மேல் விளிம்பில் ஒரு ரப்பர்ப் பட்டை இருக்கும். சில ஆண்டு வெயிலில் அது காய்ந்து விறைத்துப்போனால் அங்கேயும் அதே கதைதான்.

இதற்கு வழி காட்டியவர் எங்கள் பள்ளிக்குப் புல் வெட்ட வரும் ஒரு பெரியவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். அவருடைய ஹெல்மெட்டின் நெற்றியில், கண்ணாடிக்கு மேலே, பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து விரலகலம் வெட்டி எடுத்த ஒரு பட்டை ஒட்டியிருந்தது. ஒரு காதுப் பக்கத்திலிருந்து மறு காதுப் பக்கம் வரை, புருவம் போல வளைந்து கிடந்தது. "இது என்னங்க ஐயா?" என்று கேட்டேன்.

"மரத்துக்குப் பாவாடை கட்டினோமே, ஞாபகம் இருக்கா வாத்தியாரே? அதேதான். தண்ணி மேலே இருந்து வழிஞ்சு வருது. மங்குகிட்ட வந்தப்புறம் தடுத்து என்ன பிரயோசனம்? மேலேயே தடுத்து ஓரமா அனுப்பிடணும்."

கித்தாக் காடு அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். அறியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். மழை பெய்தால் மரத்தின் பட்டை நனைந்து, பால் வெட்டை விட்டு விலகி மேலெல்லாம் பரவி ஓடும். பீலி வழியாக மங்கில் இறங்கும் பாலோடு மழைத் தண்ணீரும் கலந்துவிடும். அன்றைய பாடு போச்சு. அதனால் சில தோட்டங்களில் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக்கை மரத்தைச் சுற்றிப் பாவாடை போலக் கட்டிவிடுவார்கள். மரத்தில் வழியும் தண்ணீர் வெட்டுக்கு வராமல் வெளியே சொட்டிவிடும். அந்தப் பாவாடையின் வேலையைத்தான் பெரியவர் ஒரு டியூப்புத் துண்டுக்குக் கொடுத்திருக்கிறார். படித்த நமக்கு இது தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். வியர்வை கண்ணில் இறங்காமல் நமக்குப் புருவம் இருப்பதும் இந்த வேலைக்குத்தானே!

அவர் சொன்ன முறையில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்வேன். அவர் பஞ்சர் ஒட்டும் பசையைப் பயன்படுத்தியிருந்தார். அந்தப் பசையில் உள்ள இரசாயனம் ஹெல்மெட்டின் பிளாஸ்டிக் ஓட்டைப் பலவீனமாக்கக்கூடும். வெளியே தெரியாது, விழுந்து அடிபடும் நாளில்தான் தெரியும். அதனால் இருபக்கமும் ஒட்டும் டேப்பை வைத்துப் பட்டையை ஒட்டினால் போதும். டியூப் கிடைக்காவிட்டால், மின்சார வேலைக்காரர் சுற்றும் கறுப்பு டேப்பையே இரண்டு மூன்று மடிப்பாக ஒட்டி வரம்பு கட்டலாம். பட்டை நடுவில் உயர்ந்து இரு ஓரமும் தாழ்ந்து இருக்கவேண்டும். நடுவில் தாழ்ந்துவிட்டால் தண்ணீர் அங்கே குளம் கட்டி நேரே மூக்குக்கு மேலே கொட்டும். பெட்ரோல், தின்னர் கொண்டு ஹெல்மெட்டைத் துடைப்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் ஓட்டைக் கெடுக்கும் காரியந்தான். சோப்பு நீர் போதும்.

எங்கே ஒழுகுகிறது என்று தெரியாவிட்டால் மழைக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. கண்ணாடியை இறக்கி, உள்ளே பழைய செய்தித்தாளை மடித்து வைத்து, குளியலறையில் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக நெற்றியின் மேல் ஊற்றிப் பாருங்கள். தாளில் எந்த இடம் நனைகிறதோ அந்த இடத்துக்கு மேலேதான் ஓட்டை. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை அறிவியல் பாடத்தில் செய்து காட்டினேன். மறுநாள் நான்கைந்து பேர் வீட்டு ஹெல்மெட்டையெல்லாம் நனைத்துவிட்டு அம்மாவிடம் வசவு வாங்கி வந்தார்கள்.

உள்ளே படியும் பனி மழையால் வருவதல்ல. நம் மூச்சால் வருவது. ஒட்டுக்கடையில் ஐஸ் மைலோ வாங்கி வைத்தால் கண்ணாடிக் குவளையின் வெளிப்புறம் வியர்க்கிறதல்லவா? காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த பரப்பில் பட்டு நீராகிறது. மழையில் ஹெல்மெட் கண்ணாடி குளிர்ந்துவிடுகிறது. நம் மூச்சோ வெதுவெதுப்பும் ஈரமும் நிறைந்தது. முகத்தில் துணி கட்டிக்கொண்டால் மூச்சு மேலே திரும்பி இன்னும் மோசமாகும். என்னைப்போல மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள் 2020இல் முகக்கவசம் போட்டபோதே இந்த அவதியைப் படித்துவிட்டோம்.

மலிவான வழி சோப்புத்தான். உலர்ந்த கண்ணாடியின் உள்பக்கம் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, பழைய வேட்டித் துணியால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தேய்த்துவிடவேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவக்கூடாது. சோப்பு ஈரத்தை வராமல் தடுப்பதில்லை. துளித்துளியாக நின்று பார்வையை மறைக்கும் நீரை ஒரே மெல்லிய படலமாகப் பரப்பிவிடுகிறது. அதன் வழியே சாலை தெரியும். ஒருநாள் இரண்டுநாள் தாங்கும், மறுபடி தேய்க்கவேண்டும். பிள்ளைக் குளியலுக்கு வாங்கும் ஷாம்பூ இருந்தால் கண்ணுக்கு இன்னும் நல்லது. பற்பசையைத் தேய்க்கச் சிலர் சொல்வார்கள். வேண்டாம், அது கண்ணாடியைக் கீறும். ஒன்று கவனிக்கவேண்டும்: மேலே ஒழுகுகிற ஹெல்மெட்டில் சோப்புப் போட்டால் சோப்பு கரைந்து கண்ணுக்குள் வரும். ஆகவே முதலில் நெற்றிப் பட்டை, பிறகு சோப்பு.

சோப்புப் போட்டாலும் காற்று கொஞ்சம் புகவேண்டும். கண்ணாடியின் கீழ் விளிம்பை ஒரு விரலகலம் தூக்கி வைத்தால் மூச்சு வெளியேறிவிடும். வண்டி ஓடும்போது துளிகளும் அவ்வளவாக உள்ளே வருவதில்லை. சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது முழுவதும் தூக்கிவிடலாம். மழைக்கோட்டின் கழுத்தை முகவாய் வரை இறுக்கிப் பொத்தான் போடுகிறவர்களுக்கு, உடம்புச் சூடும் கழுத்து வழியாக மேலேறிக் கண்ணாடியை மறைக்கும். முகவாய்க்குக் கீழே கொஞ்சம் தளர்த்தி விடுங்கள். கோட்டின் தொப்பியை ஹெல்மெட்டுக்கு உள்ளே போட்டுக்கொள்வதும் ஆபத்து. ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது, பக்கத்தில் வரும் வண்டியின் சத்தமும் கேட்காது.

வெளியே ஒட்டும் துளியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காருக்குப் போடும் மெழுகைத் தேய்த்தால் பெருஞ்சாலை வேகத்தில் காற்றே துளியைத் தள்ளிவிடும். தலையைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பினால் இன்னும் விரைவில் ஓடும். தோட்டத்துச் செம்மண் சாலையில் 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு மெழுகால் அவ்வளவு பயனில்லை, இடக்கைப் பெருவிரல்தான் துணை. ஆனால் சேறு தெறித்த கண்ணாடியை அப்படியே துடைக்காதீர்கள். செம்மண்ணில் இருக்கும் மணல் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். மழை கொஞ்சம் கழுவிவிட்ட பிறகு துடையுங்கள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றிக் கையாலேயே கழுவுங்கள், தோளில் கிடக்கும் துண்டு வேண்டாம். கண்ணாடி என்று நாம் சொன்னாலும் அது பிளாஸ்டிக்தானே. பகலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள், இரவு மழையில் எதிர்வரும் விளக்கு பட்டதும் சிலந்திவலை போல விரிந்து சாலையையே மறைத்துவிடும்.

காட்டில் வேலை செய்யும்போது ஹெல்மெட்டை வண்டியின் பக்கக் கண்ணாடியில் வாய் மேலாகத் தொங்கவிட்டுப் போகிறவர்கள் அதிகம். மழை பெய்தால் அது வாளியாகிவிடும். உள்ளே ஊறிய பஞ்சு நாள் முழுவதும் ஈரத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். அந்த ஹெல்மெட்டில் எந்தச் சோப்பும் நிற்காது. கவிழ்த்து மாட்டுங்கள். நனைந்துவிட்டால் நிழலில் காற்றாட உலர்த்துங்கள், தகரக் கூரைமேல் வெயிலில் வேண்டாம்.

கீறி மங்கிப்போன கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். புது ஹெல்மெட் வாங்கத் தேவையில்லை, கண்ணாடி மட்டும் பட்டணத்து மோட்டார் சைக்கிள் கடைகளில் தனியாகக் கிடைக்கிறது. கறுப்புக் கண்ணாடி அழகாக இருக்கிறதென்று பிள்ளைகள் கேட்பார்கள். மாலை மழையில் அதைப் போட்டு ஓட்டவே முடியாது, நிறமில்லாததையே வாங்குங்கள். கடைக்குப் போகும்போது ஹெல்மெட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மூன்று பொத்தான்களும் நேராக உட்காருகின்றனவா, ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று அங்கேயே மாட்டிப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.