ஓட்டிச் சென்றவர்களின் பெயர்

பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் பழுகாமம். வாவியும் வயலும் சூழ்ந்த இப்படுவான்கரைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தோணி புதிதன்று, கப்பல்தான் புதிது. ஆகவே, உயர்தர வகுப்பில் ஒருநாள் 'அன்னபூரணி'யின் கதையைப் பெருமிதத்தோடு சொன்னோம்.

வல்வெட்டித்துறையில் நம்மவர் கட்டிய பாய்க்கப்பல் அது. நீளம் 89 அடி. ராபின்சன் என்னும் அமெரிக்கர் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் சூயஸ் கால்வாயையும் அத்லாந்திக் பெருங்கடலையும் கடந்து, 1938 ஆகஸ்ட் 1ஆம் நாள் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் அதனைக் கொண்டுபோய்ச் சேர்த்தனர்.

பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், ஓட்டிப் போனவங்கட பேரென்ன?"

கப்பலின் நீளத்தையும் வாங்கியவரின் பெயரையும் மனனஞ் செய்திருந்த நாம் விடையின்றி நின்றோம். மாலுமிகளின் பெயர்கள் பதிவில் உள்ளன. தேடிப் படிக்க வேண்டுமென்று எமக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அவ்வாண்டு மாரி வெள்ளத்தில் அவனுடைய தகப்பனார் குத்தகைக்குச் செய்த வேளாண்மை அழிந்தது. மாணவன் வகுப்புக்கு வருவதை நிறுத்தினான். வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் பலநாட் படகொன்றில் சேர்ந்துவிட்டான் என அறிந்தோம்.

முதற்பயணம் முடிந்து ஒரு மாலை எம் வீட்டுக்கு வந்தான். உப்பும் பனிக்கட்டியும் அவனது உள்ளங்கைகளைப் பிளந்திருந்தன.

"என்ன வேலை, தம்பி?"

"சமையல்தான் சேர். பிறகு ஐஸ் உடைக்கிற, வலை இழுக்கிற."

பாய்க்கப்பற் காலத்திலும் புதிதாய் ஏறும் இளைஞன் அடுப்படியிலேதான் தொழில் தொடங்கினான். பாய் போய் எந்திரம் வந்துவிட்டது. அடிப்படியில் நிற்பவனின் நிலை மாறவில்லை.

"சம்பளம்?"

"சம்பளமில்ல, பங்கு. எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவெல்லாம் கழிச்சாப் பிறகு இந்த முறை ஒண்டும் மிஞ்சல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எம்மாற் சிரிக்க முடியவில்லை. இலாபத்தில் முதலாளிக்குப் பெரும்பங்கு. நட்டத்தில் மட்டும் யாவருக்கும் சமபங்கு! கடலோடிய மூதாதையரைப் போற்றும் நாம், இன்று கடலோடுபவனின் கூலியைக் கேட்க மறந்தால், அப்போற்றுதலின் பொருள் யாது?

இவ்வாண்டும் அன்னபூரணியின் கதையைச் சொல்வோம். ஆனால் இம்முறை மாலுமிகளின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டே தொடங்குவோம். அக்கேள்வியைக் கேட்டவனின் இடம் பின்வாங்கில் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது.