பின்கட்டு ரூம் தம்பி கத்துக்கொடுத்த பாட்டு

சொர்ணவாரி நடவு முடிஞ்சு பத்து நாள் ஆச்சு. பயிர் பச்சை பிடிச்சிடுச்சு. இந்தத் தடவை கழனியைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு வேற ஒரு விஷயம் சொல்றேன். ஐம்பத்தி நாலு வயசுல நான் கிடார் கத்துக்கிட்டு இருக்கேன். நீங்க சிரிக்க வேண்டியதில்லை, உங்களுக்கும் சேர்த்து எங்க வீட்டம்மா சிரிச்சு முடிச்சாச்சு.

முப்பத்தஞ்சு வருஷமா மண்வெட்டி பிடிச்ச கை இது, கம்பி என்ன செஞ்சிடும்னு நெனச்சேன். முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. மண்வெட்டி பிடிச்சவனுக்குக் காப்பு காய்க்கிறது உள்ளங்கையிலயும் விரல் அடியிலயும்தான். விரல் நுனி பூ மாதிரிதான் இருக்கு. இரும்புக் கம்பியைக் கால் மணி நேரம் அழுத்தினா நுனியில கோடு விழுந்து, சோத்துல கை வைக்கும்போது சுரீர்னு எரியும். மூணு வாரம் போனதும் அங்கேயும் தோல் தடிச்சுது. புதுசா ஒரு காப்பு காய்க்க இந்த வயசுலயும் உடம்புல இடம் இருக்குன்னு ஒரு சந்தோஷம்.

இது எப்படி வந்துச்சுன்னு சொல்றேன்.

எங்க திருமுடிவாக்கம், பல்லாவரத்துக்கும் குன்றத்தூருக்கும் நடுவுல இருக்கு. செம்பரம்பாக்கம் ஏரியோட உபரித் தண்ணி அடையாத்துல போய்ச் சேர்ற வழியில இருக்குற ஊரு. இப்ப ஊர்ப் பேரைச் சொன்னா எல்லாரும் சிட்கோ எஸ்டேட்டுன்னுதான் சொல்றாங்க. பிரஸ்ஸு, லேத்து, வெல்டிங்குன்னு சின்னச் சின்னக் கம்பெனிங்க. வேலை பார்க்கிறது பெரும்பாலும் வடக்கத்திப் பசங்க. எனக்கு மிச்சமிருக்கிறது ஒரு காணி. அது போதாதுன்னு, மாட்டுக்கொட்டாய் இருந்த இடத்துல ஷீட்டு போட்டு மூணு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கேன். மாடு போச்சு, வாடகை வந்துச்சு.

அதுல ஒரு ரூமுல முர்ஷிதாபாத் மாவட்டத்துலேர்ந்து வந்த தம்பி ஒருத்தன் இருக்கான். இருபத்தி மூணு வயசு, பிரஸ்ஸுல வேலை. என்னை ‘காக்கு’ன்னு கூப்பிடுவான். அவங்க ஊருல சித்தப்பாவுக்கு அப்படித்தான் சொல்வாங்களாம். சித்தி ‘காக்கிமா’. “உங்களைக் காக்காங்கிறான், அது சரியாத்தான் இருக்கு, என்னை ஏன் சேர்த்தான்”னு வீட்டம்மா கேட்டா.

வந்த புதுசுல ராத்திரி எட்டரைக்கு ஷிப்டு முடிஞ்சு வந்து, சோறு பொங்கித் தின்னுட்டு, வாசப்படியில உக்காந்து கிடார் வாசிப்பான். பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில வாங்கின பழைய கிடார். நான் நாலு மணிக்கு எழுந்து கீரை அறுக்கப் போறவன். ஆவணி மாசம் ஒரு நாள், “ஒன்பது மணிக்கு மேல சத்தம் கூடாது தம்பி”ன்னு சொன்னேன். சரின்னு தலையாட்டினான். அவன் சாப்பிட்டுக் கையலம்பும்போதே மணி ஒன்பது ஆயிடும்னு நான் யோசிக்கல. ஞாயித்துக்கிழமையும் பாதி ஓவர்டைம்ல போயிடும். ஆக, ஆவணியிலேர்ந்து அந்தக் கிடார் ஆணியிலயே தொங்குச்சு. எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு.

தை மாசம், பொங்கல் கழிஞ்ச வாரம், பிரஸ்ஸுல அவனோட இடது கை மாட்டிக்கிச்சு. நடுவிரலும் மோதிர விரலும் நுனி போச்சு. கான்ட்ராக்ட்காரர் ஆஸ்பத்திரிச் செலவு பார்த்தார், கையில ஒரு தொகை கொடுத்தார். எவ்வளவுன்னு எழுதினா உங்களுக்கு வயிறு எரியும், விட்டுடறேன்.

மாசியில கட்டுப் பிரிச்ச அப்புறம் கிடாரைத் தூக்கிக்கிட்டு என்கிட்ட வந்தான். “காக்கு, இதை யாராவது வாங்குவாங்களா?” கிடார்ல கம்பியை அழுத்துறது இடது கை. அழுத்துறதுக்கு முக்கியமான ரெண்டு விரல் அவனுக்கு இப்ப குட்டை. அந்த நிமிஷம்தான் எனக்கு ஆவணி மாசம் ஞாபகம் வந்துச்சு. ஆவணியிலேர்ந்து தை வரைக்கும் அஞ்சு மாசம். பத்து விரலும் முழுசா இருந்த கடைசி அஞ்சு மாசம் அவனை வாசிக்க விடாம வெச்சது நான்தான்.

இதை அவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. “விக்க வேணாம், எனக்குக் கத்துக்கொடு”ன்னு சொல்லிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு இப்பவும் சரியாத் தெரியல. கிடார்னா எனக்கு ஒரே ஒரு ஞாபகம்தான். 1982ல, பதினோரு வயசுல, டீக்கடை ரேடியோவுல ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தோட இளைய நிலா பாட்டு. அந்த ஆரம்ப வாசிப்புக்காக மாட்டை அவிழ்த்துவிட்டுட்டு நின்னு கேட்டிருக்கேன். மாடு அடுத்தவன் கழனியில இறங்கி, அப்பாகிட்ட அடி வாங்கினதும் ஞாபகம் இருக்கு.

“என்ன பாட்டு கத்துக்கணும்?”னு கேட்டான். “நீ ராத்திரி வாசிப்பியே, அது”ன்னேன். போன்ல போட்டுக் காட்டினான். எங்கயோ கேட்ட மெட்டு. 2006ல வந்த ‘கேங்ஸ்டர்’ங்கிற இந்திப் படத்துல பங்களாதேஷ் பாடகர் ஜேம்ஸ் பாடின ‘பீகி பீகி’ அதே மெட்டுதான். ரூமுப் பசங்க போன்ல கேட்டிருக்கேன். ஆனா அசல் பாட்டு வங்காளம். ‘ப்ருதிபி’ன்னு சொல்றாங்க, பூமின்னு அர்த்தம். பாட்டோட சொந்தக்காரங்க ஒரு கல்கத்தா பேண்டு. பேரு ‘மஹீனேர் கோராகுலி’, மஹீனோட குதிரைங்க.

இவங்க கதையைத் தம்பி பாதி சொன்னான், மீதியை என் பொண்ணு படிச்சுச் சொன்னா. 1975 வாக்குல கல்கத்தாவுல ஏழு பேர் சேர்ந்து ஆரம்பிச்சது. ஏழு பேர்ங்கறதால முதல்ல சப்தரிஷின்னு பேரு வெச்சிருக்காங்க. அப்புறம் ஜீபனானந்த தாஸ்ங்கிற பெரிய வங்கக் கவிஞரோட கவிதையிலேர்ந்து இந்தக் குதிரைப் பேரை எடுத்துக்கிட்டாங்க. முக்கியமான ஆளு கௌதம் சட்டோபாத்யாய். நக்சல்பாரி இயக்கத்துல இருந்து ஜெயிலுக்குப் போய் வந்தவர். வெள்ளைக்காரன் ராக் இசையையும், வங்காளத்துக் கிராமங்கள்ல பாவுல் சாமியார்ங்க ஒத்தைத் தந்தி மீட்டிக்கிட்டுப் பாடுற பாட்டையும் ஒண்ணாச் சேர்த்தார்.

1977லேர்ந்து 79க்குள்ள மூணு சின்னத் தட்டு போட்டாங்க. பெருசா எடுபடல. வங்காளத்துல அப்ப ரவீந்திர சங்கீதமும் சினிமாப் பாட்டும்தான் பாட்டு. இது என்ன கத்தல்னு விட்டுட்டாங்க. 1981ல கலைஞ்சு ஆளுக்கொரு பக்கமாப் பொழப்பு பார்க்கப் போயிட்டாங்க.

கௌதம் மட்டும் விடல. 1995ல, கல்கத்தா புத்தகக் கண்காட்சியில ஒரு கேசட்டு வெளியிட்டார். மறுபடி இருபது வருஷம் கழிச்சுன்னு பேரு. சின்ன வயசுப் பசங்களையும் சேர்த்துக்கிட்டு, பழைய பாட்டு, புதுப் பாட்டு ரெண்டையும் பதிவு பண்ணினார். இந்தத் தடவை காலேஜ் பசங்க பிடிச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் வந்த வங்காள பேண்டுங்களுக்கு இவங்கதான் முப்பாட்டன். ஆனா 1999லேயே கௌதம் இறந்துட்டார். சினிமாவுல வந்து நாடு முழுக்க ஒலிச்சதை அவர் கேக்கல.

எங்களுக்கு இது புதுசு இல்ல. புளியங்கன்னு நட்டவன் பழம் தின்ன மாட்டான்னு தெரிஞ்சேதான் நடறான். இருந்தாலும் யோசிச்சுப் பாருங்க. யாரும் வாங்காத தட்டு போட்ட ஒரு கூட்டத்தோட பாட்டு, முர்ஷிதாபாத்துல சணலும் நெல்லும் போடுற ஒரு குடியானவன் மகன் கையில ஏறி, ரெண்டு நாள் ரயில் ஏறி, திருமுடிவாக்கத்துல என் மாட்டுக்கொட்டாய்க்கு வந்திருக்கு.

பாட்டோட அர்த்தம் கேட்டேன். உலகம் சுருங்கிச் சுருங்கி டிவிப் பொட்டிக்குள்ள வந்துடுச்சு, ஆனா மனுஷனுக்கும் மனுஷனுக்கும் நடுவுல தூரம் கூடிக்கிட்டே போகுதுங்கறதுதான் சாரமாம். எங்க அடுப்படியிலேர்ந்து அவன் ரூமு இருபது தப்படி. பதினாலு மாசமா வாடகை வாங்கியிருக்கேன். அவங்க அப்பாவும் விவசாயிங்கறது அந்த ராத்திரிதான் எனக்குத் தெரிஞ்சுது.

பாடம் ஆரம்பிச்சுது. எனக்காகப் பாட்டை எளிசாக்கிட்டான். முதல்ல இ மைனர். ரெண்டு விரல் போதும். மேலேர்ந்து ரெண்டாவது கம்பி, மூணாவது கம்பி, ரெண்டையும் ரெண்டாவது கட்டத்துல அழுத்தணும். சுலபம்தான்னு நெனச்சேன். அடுத்து சி. மூணு விரல், மூணும் வேற வேற கட்டம். ஒரு விரலை வெச்சா இன்னொண்ணு நழுவும், கொழுத்த விரல் பக்கத்துக் கம்பியில இடிச்சுக் கம்பி ‘டப்’புனு செத்துப்போகும். தம்பி தன் கையால காட்ட முடியாது. அதனால என் விரலைப் பிடிச்சு ஒண்ணொண்ணா கம்பி மேல வைப்பான். நாத்து முடியைக் கையில கொடுக்கிற மாதிரி.

வலது கைக்குத் தாளம்: கீழ, கீழ மேல, மேல கீழ மேல. அதுக்கு மட்டும் அவன் என்னைப் பாராட்டினான். நடவு நட்டவனுக்குக் கை ஒரே சீரா போகும். கார்டு மாத்தற எடத்துல மட்டும் பாட்டு நின்னு மூச்சு வாங்கும். மேல மீனம்பாக்கத்துக்கு இறங்குற விமானம் போகும்போது ரெண்டு பேரும் நிறுத்திட்டு, அது போன அப்புறம் தொடருவோம்.

வைகாசியில ஒரு நாள் பொண்ணு ஒரு சமாச்சாரம் கொண்டுவந்தா. இங்கிலாந்துல பர்மிங்காம்னு ஒரு ஊரு, எங்க எஸ்டேட் மாதிரி இரும்புப் பட்டறை ஊரு. அங்க டோனி அயோமின்னு ஒரு பையன், பதினேழு வயசு, தகடு பட்டறையில வேலை. வேலையை விட்டுப் போற கடைசி நாள் மிஷின்ல கை மாட்டி, நடுவிரல், மோதிர விரல் நுனி போச்சு. அவர் இடது கைப் பழக்கக்காரர். அதனால கம்பி அழுத்துற கை அவருக்கு வலது கை, போனதும் அதே கைதான். அவர் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி பண்ணி, மேல தோல் ஒட்டி, மெல்லிசுக் கம்பி போட்டு வாசிச்சிருக்கார். 1968ல ஆரம்பிச்ச அவரோட பேண்டு பிளாக் சப்பாத். உலகம் முழுக்கப் பேரு வாங்கினது.

தம்பி கேட்டுட்டு ஒண்ணும் பேசல. ரூமுக்குப் போயிட்டான். நமக்கு ஆறுதல் சொல்ல ஒரு கதை கிடைக்குது, விரல் போனவன் அவன்தானேன்னு எனக்கே கூச்சமாப் போச்சு.

மறுநாள் சாயங்காலம் பம்புசெட்டு ஷெட்டுல பழைய ஃபுட்வால்வ் தோல் ஒண்ணு கிடந்துச்சு. தண்ணியில ஊறிப் பதமான தோல். வெட்டி, சுருட்டி, சாக்குத் தைக்கிற ஊசியால தைச்சு ரெண்டு தொப்பி பண்ணினேன். முதல் ஜோடி நழுவுச்சு. ரெண்டாவது ஜோடிக்கு உள்ள சைக்கிள் டியூப் துண்டு வெச்சேன், நின்னுச்சு.

போன ஞாயித்துக்கிழமை அதை மாட்டிக்கிட்டு இ மைனர் பிடிச்சான். நுனியில இன்னும் வலி இருக்கு, முகத்தைப் பார்த்தாலே தெரியும். சத்தம் தெளிவா இல்ல, பானைக்குள்ள வாயை வெச்சுப் பேசற மாதிரி இருந்துச்சு. ஆனா பாட்டு அதுதான். மெதுவா, கார்டுக்குக் கார்டு தடுமாறி, முதல் பாதி வரைக்கும் வந்தான். வீட்டம்மா அடுப்பை அணைச்சுட்டு வாசல்ல வந்து நின்னா.

பாதியில நிறுத்திட்டு போனைப் பார்த்தான். “காக்கு, ஒன்பது மணி ஆயிடுச்சு”ன்னான்.

அவன் குத்திக் காட்டல. நிஜமாவே என் தூக்கத்தை நெனச்சுத்தான் சொன்னான். அதான் எனக்குத் தாங்கல. “நீ வாசிடா தம்பி, காலையில கீரையை நான் பார்த்துக்கிறேன்”ன்னு மட்டும் சொன்னேன். ஆவணி மாசத்துக்கு மன்னிப்பு இன்னும் கேக்கல. ரெண்டாவது பாதியை அவன் முடிக்கிற அன்னிக்குக் கேக்கலாம்னு இருக்கேன்.

உங்க தெருவுலயும் கட்டடத்துக்கும் கடைக்கும் வேலைக்கு வந்த பசங்க இருப்பாங்க. ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டா, அதட்டறதுக்கு முன்னாடி என்ன பாட்டுன்னு ஒரு தடவை கேளுங்க.

நாளைக்குக் களை எடுக்க ஆள் சொல்லியிருக்கேன். அடுத்த தடவை பயிரைப் பத்திப் பேசுவோம்.