செய்யாற்றோடு ஏறி, பாலாற்றோடு இறங்கி... ஒரகடம் டு ஜவ்வாது மலை, ஒரு ஐப்பசிப் பயணம்!

கேரவன் என்றால் நம்மில் பலருக்கு ஷூட்டிங் ஸ்பாட்தான் நினைவுக்கு வரும். மரத்தடியில் நிற்கும் நீளமான வண்டி, உள்ளே ஏ.சி., வெளியே குடை பிடித்தபடி உதவியாளர். இப்போது அந்த வண்டி மெள்ள மெள்ளக் குடும்பங்களின் பக்கமும் திரும்பியிருக்கிறது. 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கையை அறிவித்தது. அடுத்த ஆண்டே வாகமனில் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. அந்தத் திட்டத்துக்காக முதலில் அறிமுகமான கேரவன், பாரத்பென்ஸ் 1017 பஸ் சேஸிஸின் மீது கட்டப்பட்டது. பாரத்பென்ஸ் தொழிற்சாலை இருப்பது நம்ம ஒரகடத்தில்!

1017 என்ற எண்ணுக்கு இந்தப் பக்கத்தில் இன்னொரு பெருமையும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் ராமாநுஜர் அவதரித்ததாகச் சொல்லப்படும் ஆண்டு 1017. வண்டிக்கு அந்தப் பெயர் வந்த காரணம் வேறு. 10 டன் எடை, 170 குதிரைத் திறன் என்பதன் சுருக்கம் அது. தற்செயல்தான் என்றாலும், ஊர்க்காரர்கள் சொல்லிச் சிரிக்க ஒரு விஷயம்.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்தில் கார், லாரி, பஸ், பைக், டயர், கண்ணாடி என்று ஒரு வண்டிக்குத் தேவையான ஏறக்குறைய எல்லாமே தயாராகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ - நிசான், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ். வண்டிகளைச் சோதித்துப் பார்க்க ஒரகடத்திலேயே மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. இத்தனை வண்டிகளைச் செய்து அனுப்புகிற கைகள், ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறி, ஷிஃப்ட் பஸ்ஸில் இறங்கி, நாள்காட்டியையே மறந்துபோகின்றன. அவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஏற்ற ஒரு வார இறுதிப் பாதைதான் இது. இரண்டு நாள், ஏறக்குறைய 400 கிலோமீட்டர்.

ஏன் ஐப்பசி?

மேலை நாடுகளில் இலையுதிர் காலத்தில் மலைக்குப் போவார்கள். காடே மஞ்சளும் சிவப்புமாக நிறம் மாறுவதைப் பார்க்கத்தான். நம்மூரில் கதை நேர்மாறு. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரம். கோடையில் காய்ந்து கிடந்த கிழக்குத் தொடர்ச்சி மலைகள் இந்த இரண்டு மாதங்களில்தான் பச்சை கட்டும். ஓடைகளில் தண்ணீர் வரும். சாலையோரம் சீத்தாப்பழம் கூடை கூடையாக வந்து இறங்கும். சாமை அறுவடைக்கு நிற்கும்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனால் விடுமுறை நாளில் பாதி நேரம் டிராஃபிக்கிலேயே போய்விடும். ஒரகடத்துக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மலை ஜவ்வாது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. அங்கே போக நான்குவழிச் சாலையைத் தவிர்த்து, ஓர் ஆற்றைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

முதல் நிறுத்தம்: மூன்று ஆறுகள் கூடும் இடம்

சனிக்கிழமை விடிவதற்கு முன் ஒரகடம் சந்திப்பிலிருந்து கிளம்பினால், வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் நடுவே கொஞ்ச தூரம். வாலாஜாபாத் தாண்டிப் பழையசீவரம் வந்ததும் காட்சி மாறிவிடும். பாலாற்றின் மீது பாலம். மறுகரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுவதால் வந்த பெயர்.

இங்கே அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ம் நூற்றாண்டில் இந்தக் கோயிலை ஒட்டி ஒரு மருத்துவமனை இயங்கியதை அது சொல்கிறது. 15 படுக்கைகள். மருத்துவர், அறுவை செய்பவர், செவிலியர், மூலிகை கொண்டு வருபவர் என்று யார் யாருக்கு எவ்வளவு கூலி என்பதுவரை எழுதிவைத்திருக்கிறார்கள். இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. பிள்ளைகளோடு போனால் காட்ட வேண்டிய சுவர் இது.

ஆற்றையும் நின்று பார்க்க வேண்டும். தாம்பரம், பல்லாவரம் வட்டாரத்துக்குப் போகும் குடிநீரில் ஒரு பகுதி பாலாற்றுப் படுகைக் கிணறுகளிலிருந்துதான் போகிறது. அந்தப் பாலாற்றுக்குத் துணையாக இங்கே வந்து சேரும் செய்யாறு பிறப்பது ஜவ்வாது மலையில். அதாவது, இனி பயணம் முழுக்க நம் குடத்துத் தண்ணீரின் பிறந்த வீட்டைத் தேடிப் போகிற பயணம்.

குடவோலையும் கோட்டையும்

திருமுக்கூடலிலிருந்து தெற்கே உத்திரமேரூர். ஊர்ச் சபைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விளக்கும் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் இங்கே உள்ளன. ஆண்டு 919, 921. யார் போட்டியிடலாம், யார் கூடாது என்பதற்கு அதில் இருக்கும் விதிகளைக் கேட்டால் இன்றைய வேட்பாளர்கள் பலருக்கு வியர்க்கும். கணக்குக் காட்டாதவரும், அவரது நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது!

அங்கிருந்து வந்தவாசி. 1760 ஜனவரி 22-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய போர் நடந்த மண். தென்னிந்தியாவில் பிரெஞ்சு ஆதிக்கம் சரிந்தது இந்தப் போருக்குப் பிறகுதான். சேத்துப்பட்டு, தேவிகாபுரம் வழியாகப் போளூர் நோக்கிப் போகும்போது, செய்யாறு மறுபடி குறுக்கே வந்து நலம் விசாரிக்கும். இரண்டு பக்கமும் நெல் வயல், கடலைக் காடு. தூரத்தில் நீல நிறத்தில் மலை வரிசை தெரிய ஆரம்பிக்கும்.

வண்டி பெரிது என்றால் ஊருக்குள் நுழையும்போது கவனம். தெருவுக்குக் குறுக்கே தாழ்வாகப் போகும் கேபிள் கம்பிகள் கேரவனின் கூரையில் சிக்க வாய்ப்பு உண்டு. டெம்போ டிராவலர் அளவு வண்டிதான் இந்தப் பாதைக்குச் சௌகரியம்.

மலை ஏறும் சாலை

போளூரில் டீசல், தண்ணீர், காய்கறி எல்லாம் நிரப்பிக்கொள்வது நல்லது. அத்திமூர் வழியாக மலைச் சாலை தொடங்குகிறது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது மலை ஓட்டுநர்களின் பழைய பாடம். ஐப்பசியில் பிற்பகல் மழை வழக்கம் என்பதால், மதியத்துக்குள் மேலே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடத் தயங்கக் கூடாது. 2024 டிசம்பர் 1-ம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண் சரிந்து ஒரே இடத்தில் 7 பேர் உயிரிழந்ததை யாரும் மறக்க முடியாது.

ஜமுனாமரத்தூரில் படகுக் குழாமும், பக்கத்தில் பீமன் அருவியும் இருக்கின்றன. கீழ்ச்செப்பிலிப் பக்கம் பெருங்கற்காலக் கற்திட்டைகளைப் பார்க்கலாம். பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த சின்னச் சின்னக் கல் வீடுகள். குள்ளர்கள் வாழ்ந்த இடம் என்று உள்ளூரில் கதை சொல்வார்கள். உண்மையில் இறந்தவர்களுக்காக எழுப்பியவை.

மலைக்காரர்களின் கதை

ஜவ்வாது மலையில் பெரும்பான்மையானவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்று பொருள். பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் வழிவழிக் கதை. இன்று அந்தக் கதை திரும்பி நடக்கிறது. மலையிலும் அடிவாரத்திலும் பிறந்த இளைஞர்கள் வேலை தேடிக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் தொழிற்சாலைகளுக்கு இறங்குகிறார்கள்.

இறங்க ஒரு நல்ல வழி இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை இந்த மலை வலியோடு அறிந்திருக்கிறது. 2015 ஏப்ரல் 7-ம் தேதி, திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 தமிழர்கள் இறந்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது காவல்துறை. இறந்தவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களின் மலை, அடிவாரக் கிராமங்களைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். ஜவ்வாது மலைக் குடும்பங்களும் அதில் உண்டு. மானாவாரிச் சாமையை மட்டும் நம்பி ஒரு குடும்பம் ஆண்டு முழுக்கச் சாப்பிட முடியாது என்பதுதான் அந்தச் சாவுகளுக்குப் பின்னால் இருந்த கணக்கு.

இதே மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 2024-ல் தன் 23-வது வயதில் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். குழந்தை பிறந்த இரண்டாவது நாளில் சென்னைக்குப் பயணம் செய்து தேர்வு எழுதியவர். அதே ஆண்டு ஆகஸ்டில், வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் விடுதியை அரசு திறந்தது. மலைக்கும் தொழிற்பேட்டைக்கும் இடையில் இருக்கும் சாலை, சுற்றுலா வருபவர்களுக்கு இரண்டு நாள் பொழுதுபோக்கு. மலையில் இருக்கும் ஒரு தாய்க்கு, பொங்கலுக்கு மகள் வீடு வரும் வழி.

இரவு: காவலூர் வானம்

ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் செல்லும் வழியில் காவலூர். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம். நகர வெளிச்சம் எட்டாத இடம் என்று தேடி 1960-களில் தேர்ந்தெடுத்தார்கள். 1977-ல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டுபிடித்த ஆய்வில் காவலூர்த் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு. 1988-ல் இங்கே கண்டறியப்பட்ட ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது.

இங்கிருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே உருவானது. அதற்காக உழைத்த வைணு பாப்பு, அது முடிவதற்கு முன்பே 1982-ல் காலமானார். 1986 ஜனவரி 6-ம் தேதி அதற்கு அவர் பெயரைச் சூட்டியவர் பிரதமர் ராஜீவ் காந்தி. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1991 மே 21-ம் தேதி அவர் உயிர் பிரிந்த இடம் ஸ்ரீபெரும்புதூர். இந்தப் பயணத்தின் இரு முனைகளிலும் அவர் பெயர் இருக்கிறது.

சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது இங்கே வழக்கம். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போக வேண்டும். ஐப்பசியில் மேகம் மறைத்துவிட்டால் நட்சத்திரம் கிடைக்காது, மழைச் சத்தம்தான் கிடைக்கும். வண்டியின் ஹெட்லைட்டை எரியவிட்டு நிற்காமல் இருப்பது, வானம் பார்ப்பவர்களுக்கு நாம் செய்யும் உதவி.

ஞாயிறு: பாலாற்றோடு வீடு நோக்கி

ஆலங்காயம் வழியாக வாணியம்பாடி இறங்கினால், இந்த முறை நம்மோடு வருவது பாலாறு. நேரமிருந்தால் ஏலகிரிக்கு ஒரு எட்டு. அந்த மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்களின் பெயர்கள். பிள்ளைகளுக்கு ஏறும்போதே ஒரு தமிழ்ப் பாடம்.

பிறகு ஆம்பூர் பிரியாணி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை மூன்றும் தோல் தொழிலின் ஊர்கள். அந்தக் கழிவுகளால் பாலாறு பட்ட பாட்டைப் பற்றிய வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் ‘மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. தொழில் வேண்டும், ஆறும் வேண்டும் என்ற அந்த வழக்கு, தொழிற்சாலைகள் சூழ வாழும் ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கும் சேர்த்துத்தான். அங்கிருந்து வேலூர், காஞ்சிபுரம் வழியாக நேர் சாலை.

கிளம்பும் முன் கவனிக்க...

* சொந்த வேனைப் படுக்கை, சமையல் மேடையோடு மாற்றி அமைக்க நினைப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ஐ மறக்கக் கூடாது. ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாத மாற்றம் செல்லாது.

* மூடிய வண்டிக்குள் கேஸ் அடுப்பு வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26-ல் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். வெளியே, காற்றோட்டமான இடத்தில், காட்டை விட்டுத் தள்ளிச் சமையுங்கள்.

* காப்புக்காட்டுக்குள் வண்டியை நிறுத்தித் தங்க வனத்துறை அனுமதிக்காது. ஊரை ஒட்டிய விடுதி வளாகத்திலோ, வீட்டுக்காரரிடம் கேட்டு அவர் இடத்திலோ நிறுத்துங்கள்.

* வண்டியின் கழிவுநீரை ஓடையில் திறந்துவிடாதீர்கள். செய்யாற்றில் சேர்வது திருமுக்கூடலுக்கு வந்தே தீரும்.

* சாமை, தேன், புளி, சீத்தாப்பழம் வாங்கும்போது பேரம் பேச வேண்டாம். ஞாயிறு மாலை வண்டியில் இடமிருந்து, அடிவாரத்தில் தெரிந்த வீட்டுப் பிள்ளை யாராவது திங்கள்கிழமை ஷிஃப்டுக்குக் காத்திருந்தால், ஏற்றிக்கொண்டு வாருங்கள். போகிற ஊர் எல்லோருக்கும் ஒன்றுதானே!